ஒன்று குறைந்த காற்றின் முழுப்பெயர்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் மருத்துவ நிலையத்தின் தலைமைச் செவிலியர் சிஸ்டர் மொனிகா நம்பேலா அவர்களே, வட்டக் கவுன்சிலர் அவர்களே, போன மாதம்தான் முத்தெண்டே குடியிருப்புக்கு மாற்றலாகி வந்து, வந்த நாளிலிருந்து சாவு வீடுகளைத் தவிர வேறெதையும் பார்த்திராத இளம் பாஸ்டர் அவர்களே, முன்வரிசையில் கறுப்புத் துணி கட்டி அமர்ந்திருக்கும் பானா-சோங்கோ அவர்களே, சோங்கோவைப் பெற்ற தாயே, கபாசோ ஐயாவோடு முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்திய பொறுமையே, நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் சுவரில் சாய்ந்திருப்பவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இன்னும் இரண்டு பேருக்கு நான் வணக்கம் சொல்லவேண்டும். ஒருவர் இந்த மண்டபத்தின் நடுவில் இருக்கிறார். இன்னொருவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். அவர்களிடம் கடைசியில் வருகிறேன். கடைசியில் என்பது என் பழக்கம். செய்யவேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிப்போடுவதில் இந்தக் குடியிருப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை. இன்றைக்கு நான் பேச வந்திருப்பதே அதைப் பற்றித்தான்.

என்னை உங்களுக்குத் தெரியும். லாஸ்டன் ஜேரே. சந்தை முக்கில் முடி வெட்டுகிறவன். திங்கட்கிழமை காலையில் நம்முடைய சமூக வானொலியில் அரைமணி நேரம் உளறுகிறவன். நீங்கள் கஞ்சி குடித்துக்கொண்டே சிரிக்கிறீர்களே, அந்த உளறல்தான். இன்றும் திங்கட்கிழமை. அதனால் இந்தக் கூட்டத்தை வானொலி அப்படியே ஒலிபரப்புகிறது. என் முன்னால் நீல நாடா சுற்றிய ஒலிவாங்கி இருக்கிறதே, அது வீடுகளுக்குப் பேசுகிறது. நானே கேட்டுக்கொண்டதால்தான் வைத்திருக்கிறார்கள். 

பாஸ்டர் மேற்கேயிருந்து வந்தவர். அவருக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கபாசோ ஐயா பெம்பா இனம். நான் ங்கோனி இனம். எங்கள் முன்னோர்கள் ஒரு காலத்தில் சண்டை போட்டார்கள். சண்டை ஓய்ந்ததும் கேலி ஆரம்பித்தது. அது இன்றுவரை ஓயவில்லை. நாங்கள் மச்சான் முறை. அவர் என்னை எலி தின்னி என்பார், நான் அவரைக் குரங்கு தின்னி என்பேன். இருவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பெம்பா வீட்டில் சாவு விழுந்தால் ங்கோனி மச்சான் போய்ப் போனவரைக் கேலி செய்யவேண்டும். அவர் நடந்ததுபோல் நடந்து காட்டவேண்டும். குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு "இந்த இடம் எனக்கு" என்று அடம்பிடிக்கவேண்டும். அழுகிறவர்கள் நடுவில் ஒருமுறையாவது சிரிக்கவேண்டும். சிரிப்பில்லாமல் புதைத்தால் போனவரை அரைகுறையாக அனுப்பிவைத்தோம் என்று பொருள்.

வெள்ளிக்கிழமை கபாசோ ஐயாவைப் புதைத்தோம். நான் குழியோரம் நின்றேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. இருபது வருடமாக இந்தக் குடியிருப்பின் எல்லாப் பெம்பாப் பிணங்களையும் கேலி செய்தவன், மரக்கட்டையாக நின்றேன். திரும்பி வரும்போது பானா-சோங்கோ என் பக்கத்தில் வந்தார்.

"என்ன மச்சான், ஒண்ணும் சொல்லலையே?"

"வரலைம்மா."

"வராதுதான். அவரு உயிரோட இருக்கும்போதே எல்லாத்தையும் சொல்லித் தீர்த்துட்டீங்க. மிச்சம் எங்க இருக்கும்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் "சரக்கு தீர்ந்துபோச்சு" என்பாரே, அப்படிச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமை நான் தூங்கியிருப்பேன்.

சபையோரே, கபாசோ ஐயா யார்? இருபத்தாறு வருடம் நமக்குச் சுகாதார ஆய்வாளர். நம் கக்கூஸ் குழிகளின் ஆழத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர். சந்தையில் இறைச்சிக் கடைக்காரர்கள் அவருடைய சைக்கிள் மணியைக் கேட்டதும் ஈயை விரட்ட ஆரம்பிப்பார்கள். அவருடைய தோல்பையில் மூன்று பொருட்கள் இருக்கும். ஒரு பள்ளிக்கூட அளவுகோல். ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு அரைச் செங்கல்.

செங்கல் எதற்கு என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். நமக்குத் தெரியும். ஜூன் பிறந்து நம் பக்கத்துக் குளிர் இறங்கியதும் அவர் வீடு வீடாகப் போவார். உள்ளே கரியடுப்பு இருந்தால் கதவைத் திறந்து, மறுபடி சாத்திக்கொள்ளாமல் இருக்க அந்தச் செங்கலை அண்டக்கொடுத்துவிட்டு, முழு வாக்கியத்தில் பேச ஆரம்பிப்பார். நாம் நடுங்கிக்கொண்டே கேட்போம். அவர் தெருமுனை தாண்டியதும் கதவைச் சாத்துவோம்.

சாத்தினோமா இல்லையா? நானும் சாத்தினேன். எங்கள் வீட்டு இம்பாவுலா, அதான் கரியடுப்பு, ஓட்டை போட்ட பெயின்ட் டப்பாவில் நானே செய்தது. முற்றத்தில் பற்றவைத்துப் புகை போகும்வரை காத்திருந்து, கரி சிவந்ததும் "வெந்துடுச்சு, உள்ள கொண்டா" என்போம். என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார். புகைதான் ஆபத்து, புகை போய்விட்டால் அடுப்பு பழுத்த பழம் என்று நாம் எல்லோரும் நம்பினோம். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள்கூட நம்பினார்கள். பூமிக்கு அடியில் காற்றுக்குப் பயந்தவர்கள், வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினார்கள்.

அந்தச் சிவந்த கரியிலிருந்து வருவதற்குக் கபாசோ ஐயா ஒரு பெயர் சொல்வார். முழுப்பெயர். கார்பன் மோனாக்சைடு. ஒருநாளும் சுருக்க மாட்டார். குருடருக்கும் சொல்வார், குழந்தைக்கும் சொல்வார், குடித்திருப்பவருக்கும் சொல்வார்.

ஒருநாள் அவர் என் கடை நாற்காலியில் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"ஐயா, கரிக்காத்துன்னு சொல்லிட்டுப் போங்களேன். எதுக்கு வாய் வலிக்க இவ்வளவு நீளம்?"

"நீளம் இல்லடா எலி தின்னி. விஷயம் முழுக்க அதுலதான் இருக்கு. மோனோன்னா என்ன?"

"எனக்கென்ன தெரியும். ஏதோ வெள்ளக்காரன் மாமனாரு பேரு."

"மோனோன்னா ஒண்ணு. கரி எரியும்போது ஒவ்வொரு துகளும் ரெண்டு ஆக்சிஜனைக் கூட்டிட்டுக் கிளம்பணும். முற்றத்துல தாராளமா கிடைக்கும். ரெண்டோட போயிடும். அது டையாக்சைடு. கதவு சாத்தின ரூம்ல ரெண்டுக்கு எங்க போகும்? ஒண்ணோட கிளம்பும். அதான் மோனாக்சைடு. புரியுதா? 'இங்க காத்து பத்தல, கதவு சாத்தியிருக்கு'ன்னு அந்தப் பேரே சொல்லுது."

"சரி, ஒண்ணு குறைஞ்சா என்ன? போயிட்டுப் போகுது."

"உன் ரத்தம் ஒரு மினிபஸ்னு வெச்சுக்கோ. ஆக்சிஜன் நல்ல பயணி. ஏறும், மூளை ஸ்டாப்புல இறங்கும், கால் ஸ்டாப்புல இறங்கும். அந்த சீட்ல அடுத்த ஆள் ஏறும். இவன் இருக்கானே, ஏறினா இறங்க மாட்டான். சீட்டைப் பிடிச்சு உக்காந்துடுவான். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண்டக்டருக்கே தெரியாது. பஸ் ஓடிட்டேதான் இருக்கும். எந்த ஸ்டாப்புலயும் யாரும் இறங்க மாட்டாங்க. உனக்கு லேசா தலைவலி வரும், தூக்கம் வரும், அவ்வளவுதான்."

நான் என்ன செய்தேன்? கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அவனும் பெம்பாவாத்தான் இருக்கணும். உக்காந்த இடத்தை விட்டு எழுந்திருக்காத ஜாதி" என்றேன். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு மெதுவாக இன்னொன்று சொன்னார். அதைக் கேட்க அப்போது எனக்குக் காதில்லை.

"காத்துன்னு சொன்னா, அடுத்த கேள்வி என்ன கேப்பான் தெரியுமா? யார் அனுப்பினதுன்னு கேப்பான். கெட்ட காத்து, தீய காத்து, எல்லாத்துக்கும் அனுப்பினவன்னு ஒருத்தன் உண்டு. ஒரு அத்தை, ஒரு பக்கத்து வீட்டுக்காரி, ஒரு கைம்பெண். கார்பன் மோனாக்சைடை யாருடா அனுப்புவா? அதுக்கு அத்தை கிடையாது. அதுக்கு யார் மேலயும் பகை கிடையாது. அதனாலதான் முழுசா சொல்றேன். செத்தவனுக்காக இல்ல. அடுத்த நாள் காலையில ஊரு யாரைப் பாக்கும்னு யோசிச்சுச் சொல்றேன்."

இதற்காகத்தான் அவர் மருத்துவ நிலையத்துப் பதிவேட்டோடு மல்லுக்கட்டினார். முன்பெல்லாம் அதில் "திடீர் மரணம்" என்று எழுதுவார்கள். திடீர் என்பது ஒரு நோயா? சிஸ்டர் மன்னிக்கவேண்டும், அது உங்களுக்கு முந்தைய காலம். கபாசோ ஐயா ஒவ்வொரு எழுத்தாக நின்று எழுதவைத்தார். அந்தப் பெயர் எவ்வளவு புகழ் பெற்றதென்றால், கிழவர் லுவாங்கோ ஒருநாள் வந்து, "ஐயா, எங்க மாமியாருக்கும் அதையே எழுதிக் குடுங்க" என்றார்.

"உங்க மாமியாருக்குத் தொண்ணூத்தொரு வயசு. மாமரத்தடியில வெயில் காஞ்சிட்டு இருக்கும்போது போனாங்க."

"இருக்கட்டுமே. இது கேக்க நல்லா இருக்கு. படிச்ச வியாதி மாதிரி."

இந்தக் கதையை வானொலியில் நான் பதினோரு முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கபாசோ ஐயாவின் குரலில், கொஞ்சம் மூக்கால் பேசி. "கார்... பன்... மோ... னாக்... சைடு." அவருக்குப் பா மோனோ என்று பெயர் வைத்தது நான். மோனோ ஐயா. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளைகள் அவர் சைக்கிள் பின்னால் ஓடிக்கொண்டு அந்தப் பெயரைக் கூவினார்கள். பார் நடத்தும் கிறிஸ்டோபர் சின்ன பாட்டில் பியருக்கு மோனோ என்று பெயர் வைத்தான். முழுப்பெயர் சொல்லி ஊரைக் காக்கவேண்டும் என்று ஒரு மனிதர் பாடுபட்டார். அந்தப் பெயரில் பாதியை வெட்டி அவர் கழுத்திலேயே மாலையாகப் போட்டவன் நான். முடி வெட்டுகிறவன் வேறென்ன செய்வான்?

இனி வருவதுதான் கஷ்டமான பகுதி. தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

போன மாதம் பெரியவர் சிபாஷா இறந்தார். வயதாகி, நிம்மதியாக. வழக்கம்போல் ஆண்கள் வெளியில் கட்டைத் தீயைச் சுற்றி உட்கார்ந்தோம். பெண்கள் வீட்டுக்குள் பாய் விரித்தார்கள். அந்த வாரத்தின் குளிர் உங்களுக்கு நினைவிருக்கும். வாளித் தண்ணீரின் மேல் ஆடை கட்டியது. பொழுது சாயும் நேரத்தில், முறைப்படி பக்கத்து வீட்டு பானா-கலுபா கரியடுப்பைப் பற்றவைத்து, புகை போகக் காத்திருந்து, உள்ளே கொண்டுபோய் வைத்தார். பானா-கலுபா யார்? கலுபாவின் தாய். சந்தையில் உலர்மீன் விற்கிறவர். புருஷன் போய் ஆறு வருடம். அவராக வைக்கவில்லை. உள்ளிருந்து நாலு குரல் "இன்னும் எவ்வளவு நேரம், விறைச்சுப் போச்சு" என்று கூப்பிட்டதால் வைத்தார்.

அப்போது கபாசோ ஐயா பையோடு வந்தார். நேராகப் போய்க் கதவைத் திறந்து செங்கலை வைத்தார். உள்ளே பெண்கள் முணுமுணுத்தார்கள்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு அடுப்பு வெளிய போகட்டும், இல்ல கதவு திறந்திருக்கட்டும். அடுப்பும் உள்ள இருக்கணும், கதவும் சாத்தணும்னா முடியாது."

அவர் பேசட்டும் என்று நான் விட்டிருக்கலாம். இன்னும் நாலு வாக்கியம் பேசியிருப்பார், பெண்கள் அலுத்துப்போய் அடுப்பை வெளியே தள்ளியிருப்பார்கள். எத்தனையோ முறை அப்படித்தான் நடந்தது. ஆனால் நான் மச்சான். சாவு வீட்டில் கேலி செய்யும் உரிமை என் சட்டைப்பையில் இருந்தது. எழுந்தேன். அவர் பின்னால் போய் நின்று, அவர் கையசைத்தால் கையசைத்து, அவர் மூக்கைச் சொறிந்தால் சொறிந்து, செங்கலைக் கையிலெடுத்துக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டேன்.

"சபையோரே, இது பா மோனோவின் மூத்த பிள்ளை. ராத்திரி பனியில் வெளியே படுக்கவெச்சா சளி பிடிக்கும். நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

பெண்கள் சிரித்தார்கள். சிபாஷாவின் விதவை மனைவியே சிரித்தார். வேலை சுத்தமாக முடிந்தது. யாரோ கதவைச் சாத்தினார்கள். செங்கல் என் கையில் இருந்தது. கபாசோ ஐயா என்னைப் பார்த்தார். "போதும் ஜேரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முறை என்பதால் கோபித்துக்கொள்ள முடியாது. அவருடைய வாயை நம் வழக்கமே கட்டிவிட்டது. கட்டிய முடிச்சு என்னுடையது.

விடியும் நேரத்தில் அவர் திரும்பி வந்தார். தூக்கம் வரவில்லையாம். கதவைத் தட்டினார், பதிலில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஒவ்வொருவராக நாலு பெண்களை இழுத்து வந்து முற்றத்தில் போட்டார். ஐம்பத்தெட்டு வயது, ஏற்கெனவே இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நாங்கள் ஆண்கள் தீயைச் சுற்றிப் போர்வைக்குள் இருந்தோம். நான் கண்விழித்தபோது மூன்றாவது ஆளை இழுத்துக்கொண்டிருந்தார். நாலாவது ஆளுக்குத்தான் என் கை உதவியது.

நாலு பேரையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எல்லோரும் பிழைத்தார்கள். ஊர் பெருமூச்சு விட்டது. ஐந்தாவதாக உள்ளே படுத்திருந்தவர் பானா-கலுபா. அவருக்குக் கொஞ்சம் தலைவலி மட்டும். விடிவதற்கு முன்பே எழுந்து, மற்றவர்கள் தூங்குகிறார்கள் என்று நினைத்து, சத்தமில்லாமல் வெளியே வந்து பின்முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வானொலியில் நான் என்ன சொன்னேன்? உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு நினைவிருக்கிறது.

"நாலு பேர் மட்டையாகிட்டாங்க, பானா-கலுபா மட்டும் கூட்டுமாறோட ஜம்முனு நிக்கிறாங்க. அவங்களுக்கும் பா மோனோவுக்கும் ஏதோ உடன்படிக்கை இருக்கும்போல. உலர்மீன் குடுத்து வளைச்சுட்டாங்களோ?"

அன்று நன்றாகச் சிரித்தீர்கள். நானும்தான்.

வியாழக்கிழமை, அந்த நாலு பேரில் ஒருத்தியான மாவிஸின் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. ஆறு மாதம். மாவிஸ், தங்கச்சி, நீ மூன்றாவது வரிசையில் இருக்கிறாய். நீ அழுதுகொண்டே ஒன்று கேட்டாய் என்று சொன்னார்கள். "அவங்களுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?" நியாயமான கேள்வி. ஒரு தாய் கேட்காமல் யார் கேட்பார்கள்? அந்தக் கேள்விக்கு ஊரின் வாயில் பதில் தயாராக இருந்தது. மூன்று நாளைக்கு முன்பு நான் வைத்துவிட்டுப் போன பதில். உடன்படிக்கை. சிரிப்பை எடுத்துவிட்டு அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை பானா-கலுபாவின் தகரக் கூரையில் கல் விழுந்தது. சந்தையில் அவருடைய மீன் அப்படியே கிடந்தது. தண்ணீர்க் குழாயில் அவர் வந்தால் மற்றவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கபாசோ ஐயா என் கடைக்கு வந்தார். முடி வெட்ட இல்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை.

"ஜேரே, நான் போய் அளந்து பாத்துட்டேன். சிபாஷா வீட்டுக் கதவுக்குக் கீழ வாசல்படி உடைஞ்சிருக்கு. ஒரு விரக்கடை இடைவெளி. பானா-கலுபா காலையில வெந்நீர் போட எழுந்திருக்கணும்னு கதவோரமா படுத்தாங்க. அந்த இடைவெளியில வந்த காத்துதான் காப்பாத்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"தெரியும் ஐயா. நான் சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன்."

"தெரியும். நீ விளையாட்டுக்குச் சொன்னதை ஊரு வேலையா எடுத்துக்கிச்சு. நாளைக்கு ரேடியோவுல முழுப்பேரையும் சொல்லு. அந்த விரக்கடை கணக்கையும் சொல்லு. கேலி வேண்டாம். ஒரே ஒரு நிமிஷம் கேலி இல்லாம பேசு. என்னால வீட்டுக்கு வீடு நடக்கத்தான் முடியும். உன் குரல் ஒரே நேரத்துல எல்லா வீட்டுக்குள்ளயும் போகுது."

"திங்கக்கிழமை கண்டிப்பா சொல்றேன் மச்சான்."

திங்கட்கிழமை வந்தது. ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து "கார்பன்" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆபரேட்டர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இவ்வளவு நாள் பழக்கம், அவர்மேல் தப்பில்லை. எனக்குப் பயம் வந்தது, சபையோரே. சிரிக்கவைக்காமல் பேசினால் நான் யார்? நாற்பத்தேழு வயதில், தொப்பையோடு, முடி வெட்டுகிற ஒருவன். மீதிப் பெயர் மூக்கு வழியாகத்தான் வந்தது. அவர் குரலில். நீங்கள் சிரித்தீர்கள். அடுத்த திங்கள், கால்பந்து அணியின் கோல்கீப்பர் விருந்தினராக வந்திருக்கிறார், நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கேட்டதோ ஒரு நிமிடம்.

அந்த நாட்களில் கபாசோ ஐயா வீடு வீடாக நடந்தார். சைக்கிள் மிதித்தால் மூச்சு வாங்குகிறது என்று நடந்தார். ஒவ்வொரு வீட்டிலும் அளவுகோலை எடுத்து விரக்கடை காட்டினார், முழுப்பெயரைச் சொன்னார். சிலர் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். சிலர் வீட்டில் பிள்ளைகள் என் குரலில் அவரையே நடித்துக் காட்டினார்கள். புதன்கிழமை கிழக்குத் தெருவில், ஒரு வீட்டு வாசலில், சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்சம் உட்காருகிறேன் என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

நான் சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். அன்று விடியற்காலை அவர் அந்த அறைக்குள் நாலு முறை போய் வந்தாரே, அதனாலா? அல்லது இந்த நடையாலா? சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதயம்னு தெரியுது ஜேரே. அதை எழுதியிருக்கேன். மிச்சது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். அவரு சொல்லிக்குடுத்தது அதுதான்."

ஆக, எனக்குத் தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை.

நேற்று மாலை பானா-சோங்கோ என்னைக் கூப்பிட்டனுப்பினார். கணவருடைய தோல்பையை என் மடியில் வைத்தார். "செங்கல் ஏற்கெனவே உங்ககிட்டதான் இருக்கு. மிச்சத்தையும் வெச்சுக்கோங்க" என்றார். உண்மைதான். செங்கலை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். முத்தெண்டேயின் ஒவ்வொரு வீட்டு எண்ணும் வரிசையாக இருக்கிறது. போய்ச் சொன்ன வீடுகளுக்கு நேராக ஒரு கோடு. கேட்காதவர்களுக்கு நேராக "மறுபடியும்". என் வீட்டு எண்ணைத் தேடினேன். கோடு இல்லை. "மறுபடியும்" இல்லை. "திங்கட்கிழமை" என்று எழுதி, அடித்திருந்தார். அதன் கீழே "திங்கட்கிழமை", அதையும் அடித்திருந்தார். அதன் கீழே மூன்றாவதாக "திங்கட்கிழமை". அது அடிக்கப்படாமல் இருக்கிறது.

இன்று திங்கட்கிழமை, சபையோரே.

சிபாஷா வீட்டில் நாலு பெண்களை மயக்கியது, மாவிஸின் குழந்தையைக் கொண்டுபோனது, கார்பன் மோனாக்சைடு. காற்று போதாத அறையில் கரி எரிந்தால் அது வரும். யாரும் அனுப்பத் தேவையில்லை. பானா-கலுபா பிழைத்தது கதவின் கீழே இருந்த ஒரு விரக்கடை இடைவெளியால். கதவைத் திறந்துவைக்க வந்த மனிதரைக் கேலி செய்து, அந்தச் செங்கலை எடுத்துக்கொண்டவன் லாஸ்டன் ஜேரே. உடன்படிக்கை என்ற சொல்லை வாயிலிருந்து விட்டவனும் அவன்தான். கூரையில் கல்லெறியவேண்டும் என்று யாருக்காவது கை அரித்தால், என் வீடு சந்தைக்குப் பின்னால் நாலாவது. என்னுடையதும் தகரக் கூரைதான், சத்தம் நன்றாக வரும்.

ஆபரேட்டர் சிரிக்கவில்லை. நன்றி.

நோட்டில் இன்னும் அறுபத்துமூன்று வீடுகள் கோடு போடாமல் இருக்கின்றன. நாளை முதல் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நான் வருகிறேன். நான் வந்தால் சிரிப்பு வரும் என்று நினைப்பீர்கள். வரட்டும். சிரித்து முடிக்கும்வரை வாசலில் நிற்பேன், பிறகு முழுப்பெயரையும் சொல்வேன், பிறகு கோடு போடுவேன். பா மோனோ என்று இனி யாரையாவது கூப்பிடவேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள். அவருடைய பெயர் கெர்ஷோம் கபாசோ. அதையும் சுருக்காமல் சொல்வோம்.

இப்போது நான் வணக்கம் சொல்லாமல் விட்ட இருவர்.

முதலாமவர், மண்டபத்தின் நடுவில் சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் இந்தக் கரியடுப்பு. நம் மண்டபக் காவலர் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அன்போடு கொண்டுவந்து வைத்து, எல்லா ஜன்னல்களையும் அன்போடு சாத்தியிருக்கிறார். கபாசோ ஐயாவின் இரங்கல் கூட்டத்தில் கபாசோ ஐயாவின் எதிரிக்கு எல்லோரையும்விட நல்ல இடம் கிடைத்திருக்கிறது. நாம் நூற்றைம்பது பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து அவருக்காக அழுகிறோம். மச்சான், குழியோரத்தில் எனக்கு வராத கேலி இதோ வந்துவிட்டது, பாருங்கள். உங்களை அல்ல, எங்களை. பானா-சோங்கோ சிரிக்கிறார். அப்படியென்றால் இப்போதுதான் அவர் முழுசாகப் போகிறார்.

இரண்டாமவர், வெளியே நிற்கிறவர். நான் உள்ளே வரும்போது பார்த்தேன். கூட்டத்துச் சமையலுக்கு ஒரு கூடை உலர்மீன் கொண்டுவந்து, யார் வாங்குவார்கள் என்று தெரியாமல் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். உள்ளே வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்களோ என்று நிற்கிறார். அவரைத் தாண்டித்தான் வந்தேன். வணக்கம் சொல்லவில்லை. என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேடையில் என் நாற்காலி காலியாக இருக்கிறது. நான் இனி அதில் உட்காரப் போவதில்லை. அது அவருக்கு.

செங்கல் இதோ என் கையில் இருக்கிறது. நான் இறங்கிப் போய் அந்தக் கதவைத் திறந்து, இதை அண்டக்கொடுக்கப் போகிறேன். யாராவது ஒருவர் வந்து அடுப்பின் மறுபக்கத்தைப் பிடியுங்கள்.

குளிரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.